குறுப்பு நாட்டின் உரைமரபும் தானே தொகுபடும் அருஞ்சொல் அகராதியும்

ஒரு நூலை வாசிக்கையில் விளங்காத சொல் எதிர்ப்பட்டால் அதன் பொருளை எங்கே தேடுவது என்னும் கேள்விக்குத் தமிழ் மரபு இரண்டு விடைகளைக் கண்டிருந்தது. நூலுக்கு வெளியே நிற்கும் சொற்பொருள் தொகுப்பாகிய நிகண்டு ஒன்று. நூலுக்கு உள்ளேயே, சொல் வரும் இடத்திலேயே பொருளைச் சுருங்கச் சொல்லிச் செல்லும் அரும்பதவுரை மற்றொன்று. இன்று நிலைத்த வலைத்தளங்களில், அதாவது ஒவ்வொரு பக்கமும் முன்னதாகவே முழுமையாக ஆக்கி வைக்கப்பட்டு, கேட்பவருக்கு அப்படியே அனுப்பப்படும் தளங்களில், செருகுநிரல் எனப்படும் சிறு துணைநிரல்களைக் கொண்டு அருஞ்சொல் அகராதியைத் தானாகவே உருவாக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. இச்செருகுநிரல் அவ்விரு விடைகளையும் ஒருசேரத் தர முயல்வது. சொல் வரும் இடத்தில் பொருளைக் காட்டுவதோடு, எல்லாச் சொற்களையும் அகரவரிசையில் திரட்டித் தனிப்பக்கமாகவும் வைப்பது. இதன் தமிழ் முன்வரலாற்றைத் தேடிச் செல்வோர் ஈரோடு மாவட்டத்துப் பெருந்துறை வட்டாரத்தில் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும். அகராதி ஆக்கத்திற்குத் தேவையான மூன்று பொருள்கள், அதாவது மூலநூல், இலக்கண விதி, சொற்பொருள் விளக்கம் ஆகிய மூன்றும், இவ்வட்டாரத்தோடு மரபுவழியாக இணைத்துப் பேசப்படுகின்றன.

திவாகரம், பிங்கலம் முதலிய நிகண்டுகள் சொற்களை எழுத்து வரிசையில் அல்லாமல், தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பொருள்வகையால் தொகுத்தன. மாணவர் அவற்றை மனப்பாடம் செய்தனர் என்பதால், தேடும் வழி ஏட்டில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அது நினைவிலேயே இருந்தது. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு பல பொருள் தரும் சொற்களை எதுகை முறையில், அதாவது இரண்டாம் எழுத்தின் ஒற்றுமை கொண்டு அடுக்கியது. 1594-ஆம் ஆண்டில் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு முதலெழுத்தை அடிப்படையாகக் கொண்டது. சொல்லின் எல்லா எழுத்துக்களையும் கருதும் முறையான அகரவரிசை 1732-இல் வீரமாமுனிவரின் சதுரகராதியில் நிலைபெற்றது. சொற்களை வரிசைப்படுத்துவது எளிய வேலை அன்று என்பதையும், அதற்கு ஒரு முறையை வகுத்துக்கொள்ளப் பல நூற்றாண்டுகள் ஆயின என்பதையும் இவ்வரலாறு காட்டுகிறது. கணினியின் காலத்தில் அதே சிக்கல் மறுபடியும் தலைதூக்கியதைப் பின்னர்க் காணலாம்.

பெருந்துறைக்கு மேற்கே, கோவை செல்லும் சாலையை அடுத்து விசயமங்கலம் இருக்கிறது. கொங்கு இருபத்துநான்கு நாடுகளுள் குறுப்பு நாட்டைச் சேர்ந்த இவ்வூரில் சந்திரப்பிரப தீர்த்தங்கரருக்கு எடுக்கப்பட்ட சமணக் கோயில் ஒன்று உண்டு. ஊரார் அதை நெட்டைக் கோபுரம் என்பர். பெருங்கதையை இயற்றிய கொங்குவேளிர் இவ்வூரினர் என்றும், இங்கே தமிழ்ச் சங்கம் ஒன்றைப் பேணினார் என்றும் கொங்கு மரபு கூறும். இதே சூழலில், குறுப்பு நாட்டு நிரம்பை என்னும் ஊரில் தோன்றியவர் சிலப்பதிகார உரையாசிரியராகிய அடியார்க்குநல்லார் என்பதைக் கார்மேகக் கவிஞரின் கொங்கு மண்டல சதகம் பெருமையோடு பதிவு செய்கிறது. நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவரைப் பற்றிய பாயிரம் குறிக்கும் சனகை என்னும் ஊரைப் பெருந்துறை அருகே உள்ள சீனாபுரமாகக் காண்பதும் கொங்கு வரலாற்றாசிரியர்களின் வழக்கம். அந்நூலை எழுதுவித்த சீயகங்கன் கொங்குக்கு வெளியே ஆண்ட சிற்றரசன் ஆதலால் வேறு ஊரைச் சொல்வாரும் உளர். ஆயினும் சமணமும் தமிழும் கலந்து தழைத்த ஒரு கல்விச் சூழல் இவ்வட்டாரத்தில் பல தலைமுறைகளாக இருந்ததை விசயமங்கலத்துக் கோயிலே உறுதிசெய்கிறது.

அடியார்க்குநல்லாரின் பணியைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். அவருக்கு முன்பே சிலப்பதிகாரத்திற்கு அரும்பதவுரை ஒன்று இருந்தது. அதை எழுதியவர் பெயர் தெரியாமையால் அவரை அரும்பதவுரையாசிரியர் என்றே குறிப்பர். அவ்வுரை கடினமான சொல்லை எடுத்து, அதற்கு நேராக ஓரிரு சொற்களில் பொருளை வைத்துவிட்டு அடுத்த அருஞ்சொல்லுக்குச் சென்றுவிடுவது. தெரிந்த சொல்லுக்கு அது ஒருபோதும் நிற்பதில்லை. அடியார்க்குநல்லார் இதைக் கையில் வைத்துக்கொண்டே தம் பேருரையை எழுதினார். பல இடங்களில் இதைத் தழுவியும் சில இடங்களில் மறுத்தும் சென்றார். அரங்கேற்று காதையில் ஆடல், பாடல், யாழ், குழல், முழவு, அரங்கின் அளவு ஆகியவற்றைக் குறிக்கும் கலைச்சொற்கள் செறிந்து வருகின்றன. அங்கே அவர் ஒவ்வொரு சொல்லையும் அது பிறந்த துறையின் நூலோடு சேர்த்து விளக்கினார். பொப்பண்ண காங்கேயன் என்னும் தலைவன் அவரை ஆதரித்தான் என்பது உரையைப் பற்றிய பழம்பாடலால் தெரியவருகிறது. அவ்வுரை காப்பியம் முழுமைக்கும் இன்று கிடைக்கவில்லை. வஞ்சிக் காண்டத்திற்கு அது இல்லாமற் போனது தமிழ் வாசகருக்கு நேர்ந்த பேரிழப்பு.

அச்சுக் காலம் இம்மரபுக்கு ஒரு புது உறுப்பைச் சேர்த்தது. 1892-இல் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அரும்பதவுரையோடும் அடியார்க்குநல்லார் உரையோடும் பதிப்பித்தார். அவருடைய பதிப்புகளில் அரும்பதங்களின் அகராதி பக்க எண்களோடு இடம்பெறுவது வழக்கமாயிற்று. ஓலைச்சுவடிக்குச் சுவடி ஏட்டெண் வேறுபடும் என்பதால் அங்கே இடஞ்சுட்டல் பொதுவானதாக இருக்க இயலாது; ஒரே பக்கம் ஆயிரம் படிகளிலும் ஒன்றாகவே நிற்கும் அச்சுநூலில்தான் சொல்லிலிருந்து இடத்திற்கும் இடத்திலிருந்து சொல்லுக்கும் செல்லும் வழி அமைந்தது. அவ்வகராதிகள் கையால் எழுதப்பட்டு, வெட்டி அடுக்கப்பட்டு, சரிபார்க்கப்பட்டவை. விசயமங்கலத்துக் கொங்குவேளிரின் பெருங்கதையும் 1924-இல் இவ்வுழைப்பின் பயனாகவே முதலும் முடிவும் இல்லாத குறையோடு அச்சேறியது.

இருபதாம் நூற்றாண்டில் அருஞ்சொல் என்பது பழஞ்சொல்லை மட்டும் குறிக்காமல், புதிய அறிவியலின் சொல்லையும் குறிக்கத் தொடங்கியது. இம்மாற்றத்தில் கொங்கு நாட்டினரின் பங்கு சிறிதன்று. 1916-இல் சேலத்தில் சி. ராஜகோபாலாச்சாரியாரும் நண்பர்களும் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென ஒரு சங்கம் நிறுவி இதழும் நடத்தினர். திருப்பூரில் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் 1946-இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். அதன் வழியே வெளிவந்த கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியர், ஈரோடு மொடக்குறிச்சி அருகே பிறந்த பெ. தூரன். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த அக்களஞ்சியத்தில் துறைதோறும் சொல்லை ஒருமைப்படுத்தும் வேலை தலைப்பு எழுதும் வேலைக்கு நிகராக நடந்தது. 1940-களின் இறுதியில் கோவையில் ஜி. ஆர். தாமோதரன் தொடங்கிய கலைக்கதிர் இதழ் பொறியியலையும் அறிவியலையும் மாதந்தோறும் தமிழில் எழுதிக் காட்டியது. பேச்சுவழக்கின் பக்கம் திரும்பினால், பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

சொல் திரட்டும் உழைப்பை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் எண்ணம் உலகின் வேறு மூலையில், அதுவும் ஓர் உரைமரபிலிருந்தே பிறந்தது. இத்தாலியத் துறவி ரொபர்த்தோ புசா, தாமஸ் அக்குவைனசின் லத்தீன் நூல்கள் அனைத்திற்கும் சொல்லடைவு, அதாவது ஒவ்வொரு சொல்லும் வரும் இடங்களின் முழுப்பட்டியல், உருவாக்க விரும்பி 1949-இல் ஐ.பி.எம். நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்தார். துளையிட்ட அட்டைகளில் தொடங்கிய அப்பணி 56 தொகுதிகளாக அச்சாகி முடியச் சற்றேறக்குறைய முப்பதாண்டு ஆயிற்று. தமிழில் வ. அய். சுப்பிரமணியம் 1962-இல் புறநானூற்றுக்கு வெளியிட்ட சொல்லடைவு இத்துறைக்கு வழிகாட்டியது. 1992-இல் ஜெர்மானிய அறிஞர்களான தாமஸ் லேமனும் தாமஸ் மால்டனும் சங்க இலக்கியம் முழுவதற்கும் கணினி வழியே சொல்லடைவு கொணர்ந்தனர். 1998 பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய நூல்களைத் தன்னார்வலர் தட்டச்சால் இணையத்தில் ஏற்றியபோது, எவரும் தம் வீட்டிலிருந்தே சொல் தேடும் நிலை உருவாயிற்று.

வலையின் மொழியில் அருஞ்சொல் பட்டியலுக்குத் தொடக்கத்திலேயே இடம் இருந்தது. 1991-இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வெளியிட்ட எச்.டி.எம்.எல். குறிகளின் முதற்பட்டியலிலேயே, சொல்லும் அதன் விளக்கமும் இணையிணையாக வரும் பட்டியலுக்கு ஒரு தனிக்குறி வகுக்கப்பட்டிருந்தது. அக்காலத்துப் பக்கங்கள் பெரும்பாலும் நிலைத்த பக்கங்களே. பின்னர்த் தரவுத்தளத்திலிருந்து கேட்குந்தோறும் பக்கத்தைத் தொகுத்துத் தரும் முறை ஓங்கியது. 2008-இல் ஜெக்கில் போன்ற தளவாக்கிகள் வந்தபின் பழைய எளிமை புதிய வலிமையோடு திரும்பியது. தளவாக்கி என்பது எளிய குறியீடுகளோடு எழுதப்பட்ட உரைக்கோப்புகளை வாங்கி, ஒரே முறையில் எல்லாவற்றையும் வலைப்பக்கங்களாக மாற்றித் தரும் நிரல். அவ்வாறு மாற்றும் வேளையில் இடையே நுழைந்து கூடுதலான ஒரு வேலையைச் செய்துவிட்டு விலகுவதே செருகுநிரல்.

அருஞ்சொல் செருகுநிரலின் செயல் நான்கு படிகளில் நிகழும். முதலில் அது சொல்லும் விளக்கமும் வரிவரியாக எழுதப்பட்ட ஒரு கோப்பைப் படிக்கும். அடுத்து, தளத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் அச்சொற்கள் வருகின்றனவா என்று தேடும். தலைப்புகளையும், ஏற்கெனவே இணைப்பாக உள்ள சொற்களையும், நிரற்பகுதிகளையும் விட்டுவிடும். பின்னர், கண்ட இடத்தில் விளக்கத்தைப் பொதிந்து வைக்கும். வாசகர் சொல்லின் மேல் சுட்டியை நிறுத்தினால் பொருள் தோன்றும். இறுதியில் எல்லாச் சொற்களையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எந்தெந்தப் பக்கத்தில் வந்தது என்பதோடு அகராதிப் பக்கத்தை ஆக்கும். உ. வே. சா. பதிப்பின் பின்னிணைப்பு இரவுபகலாகக் கேட்ட உழைப்பு, இக்கடைசிப் படியில் சில நொடிகளில் முடிகிறது. ஒரு கட்டுரை திருத்தப்பட்டால் அகராதியும் அடுத்த தொகுப்பில் தானே திருந்திவிடும். அச்சில் ஒரு பக்கம் நகர்ந்தாலே அத்தனை எண்களும் பிழையாகும் துன்பம் இங்கே இல்லை. சிறிய கல்லூரியின் தமிழ்த்துறையோ ஓர் ஊர் நூலகமோ, பணச் செலவின்றித் தன் வட்டார நூல்களுக்கு இத்தகைய அகராதியை வைத்துக்கொள்ளலாம் என்பது உண்மையிலேயே பெரும் பேறு.

ஆனால் இச்செருகுநிரல்களுட் பல ஆங்கிலத்தை எண்ணி எழுதப்பட்டவை; தமிழ்ப் பக்கத்தில் அவை இடறும் இடங்கள் அறிவுக்கு விருந்தானவை. சொல்லின் எல்லையை அறியும் வழக்கமான தேடற்சூத்திரம், ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ரோமன் எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே சொல்லின் உறுப்பாக ஏற்கும். பைதான் மொழியில் தமிழின் க, ச, த போன்ற எழுத்துக்கள் ஏற்கப்பட்டாலும், புள்ளியும் உயிர்க்குறிகளும் சொல்லுக்குப் புறம்பானவையாகத் தள்ளப்படும். இதன் விளைவாக யாழ் என்னும் சொல்லை எல்லையோடு தேடச் சொன்னால், தனித்து நிற்கும் யாழைப் பைதான் காணாது. புள்ளிக்குப் பின் பகர எழுத்து வருவதால் யாழ்ப்பாணத்தின் முற்பகுதியையே யாழ் என்று பிடித்துக் காட்டும். எல்லையைக் கருதாமல் தேடினாலோ, அடி என்னும் யாப்புச் சொல்லின் விளக்கம் அடியார்க்குநல்லார் பெயருக்குள்ளும் புகுந்துவிடும்.

வரிசைப்படுத்துவதிலும் இவ்வாறே. 1991-இல் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்பு, இந்திய மொழிகள் அனைத்திற்கும் ஒரே அடுக்குமுறையை வகுத்த 1988-ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தைப் பின்பற்றியதால், நகரத்தை அடுத்து னகரமும் ரகரத்தை அடுத்து றகரமும் குறியெண் பெற்றன. குறியெண்ணை மட்டும் நம்பும் செருகுநிரல், பருத்தி, பவளம், பழம், பள்ளம், பறை, பனை என்று நிற்க வேண்டிய சொற்களைப் பனை, பருத்தி, பறை, பள்ளம், பழம், பவளம் என்று அடுக்கும். 1594-இன் ஆசிரியர் தொடங்கி வைத்த வரிசை இவ்வாறு குலைவதைத் தடுக்க, யூனிகோடு ஒருங்கியத்தின் வரிசைமுறை விதிகளையோ ஓப்பன் தமிழ் போன்ற நிரற்றொகுப்புகளையோ செருகுநிரலோடு இணைக்க வேண்டும். 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு கூடியபோது தமிழக அரசு யூனிகோடையும், எல்லாத் தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியெண் தரும் டேஸ்16 முறையையும் தரமாக ஏற்றதற்குப் பின்னால் இத்தகைய இடர்களின் நெடிய விவாதம் இருந்தது.

இவற்றினும் ஆழமானது சொல்லின் உருமாற்றம். ஆங்கிலச் செருகுநிரலுக்குப் பன்மை விகுதி ஒன்றைக் கற்பித்தால் பெரும்பாலும் போதும். தமிழிலோ கயிறு என்பது கயிற்றில் என்றும், நாடு நாட்டை என்றும், மரம் மரத்தின் என்றும் மாறும். அகராதிக் கோப்பில் உள்ள வடிவம் பக்கத்தில் வராமலே போகும். நெடில் தொடர், உயிர்த்தொடர்க் குற்றியலுகரங்களின் டகரமும் றகரமும் வேற்றுமையில் இரட்டிப்பதையும், மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை தோன்றுவதையும், இவைபோன்ற பிறவற்றையும் விதிகளாக நிரல்படச் சொல்லும் நூல் நன்னூல். அதன் எழுத்ததிகாரம் உயிரீறு, மெய்யீறு, உருபு என்று புணர்ச்சிக்கே மூன்று இயல்களை ஒதுக்குகிறது. அதன் பதவியல் ஒரு சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்புகளாகப் பிரித்துக் காட்டுகிறது. இன்றைய கணினி மொழியியலில் உருபனியல் பகுப்பி எனப்படும் நிரல் செய்வது இதே பிரிப்பைத்தான். கோவை எட்டிமடையில் உள்ள அமிர்தா பல்கலைக்கழகத்தில் கே. பி. சோமன் தலைமையில் தமிழுக்கு அத்தகைய பகுப்பி 2010 அளவில் உருவாக்கப்பட்டது; இலங்கையிலிருந்து க. சர்வேஸ்வரன் உருவாக்கிய தமிழி பகுப்பியும் பின்னர் வெளிவந்திருக்கிறது. நன்னூலைச் சீனாபுரத்தோடு இணைக்கும் மரபு சரியெனின், பெருந்துறைப் பக்கத்து இலக்கணத்தின் பயன் எட்டிமடை வரை வந்து சேர்ந்திருக்கிறது எனலாம்.

விதி கைகொடுத்த பின்னும் பொருள் தெரிவு எஞ்சி நிற்கும். பெருந்துறை வட்டத்துச் சென்னிமலையின் கைத்தறிச் சொற்களுக்கு ஓர் அகராதி அமைப்பதாகக் கொண்டால், நீளவாக்கில் ஓடும் நூலாகிய பாவு ஐகார உருபு ஏற்றுப் பாவை ஆகும். அதே தளத்தில் மார்கழி நோன்பைப் பற்றிய பக்கம் இருந்தால் அங்குள்ள பாவைக்கும் நெசவு விளக்கம் ஏறிவிடும். தறியில் நூலிழைகளைப் பிரித்து நிறுத்தி ஊடையை நெருக்கும் அச்சு வேறு. வண்டியின் அச்சு வேறு. நூலை அச்சிடும் அச்சு வேறு. பெருந்துறை என்ற ஊர்ப்பெயரே இதற்குத் தக்க சான்று. மாணிக்கவாசகரைப் பற்றிய பக்கத்தில் வரும் பெருந்துறை, புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலாகிய திருப்பெருந்துறை. அதைக் கொங்குப் பெருந்துறையோடு இணைத்துவிடும் செருகுநிரல் வாசகரை வேறு ஊரில் கொண்டுபோய் நிறுத்தும். இத்தகைய சொற்களைத் தானே பொருத்த விடாமல், எழுதுபவர் குறியிட்ட இடத்தில் மட்டும் விளக்கத்தைச் சேர்க்கும் முறையைச் சில செருகுநிரல்கள் ஏற்றிருக்கின்றன. அரும்பதவுரையாசிரியர் செய்ததும் அதுவே: எந்த இடத்தில் எந்தச் சொல் அரியது என்று ஒருவர் கருதித் தேர்ந்தார்.

அடியார்க்குநல்லாரிடம் இவற்றுக்கும் மேலான ஒரு நெறி இருந்தது. பழைய இசை, நாடக நூல்கள் பல இறந்துபட்டன என்பதைத் தம் உரைப்பாயிரத்திலேயே சொன்ன அவர், தாம் துணைக்கொண்ட நூல்களை இன்னார் இயற்றியது என்று வரிசையாகக் குறித்தார்: சிகண்டியாரின் இசைநுணுக்கம், யாமளேந்திரரின் இந்திரகாளியம், அறிவனாரின் பஞ்சமரபு, ஆதிவாயிலாரின் பரதசேனாபதியம், மதிவாணரின் நாடகத்தமிழ் நூல். இவற்றுள் பஞ்சமரபு மறைந்துபோயிற்று என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. கொங்கு நாட்டுப் புலவர் வே. ரா. தெய்வசிகாமணிக் கவுண்டரிடம் அதன் ஏடு வெளிப்பட்டு 1970-களில் அச்சேறியபோது, உரையில் பெயரோடு மேற்கோளாக வந்த வெண்பாக்கள் அந்நூலை அடையாளம் காணத் துணைநின்றன. இன்றைய அருஞ்சொல் செருகுநிரல்களின் கோப்பில் சொல், விளக்கம் என்ற இரண்டு இடங்களே பொதுவாகக் கட்டாயம்; விளக்கம் எந்த நூலிலிருந்து, யாரிடமிருந்து வந்தது என்பதற்கு மூன்றாவதாக ஓர் இடத்தைச் சேர்த்துக்கொள்வதற்கு நிரல் அளவில் சில வரிகளே வேண்டும்.